பாறைக்குள் இறங்கிய குரல்

கேள்வி: ஜப்பானியர்கள் ‘வாபி-சாபி’ என்று குறையையே அழகாகக் கொண்டாடுகிறார்கள். கோணல்மாணலான தேநீர்க் கிண்ணம் அங்கே தேசியப் பொக்கிஷம். நான் மட்டும் மனதில் பட்டதை அப்படியே மூன்று வரியில் எழுதி அனுப்பினால், ‘இன்னும் செப்பனிடுங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறீர்களே, ஏன்?

பதில்: நீங்கள் சொல்வது கிஸாயெமோன் கிண்ணமாக இருக்கும். 16-ம் நூற்றாண்டுக் கொரியாவில் பெயர் தெரியாத ஒரு குயவர் வனைந்தது. கியோத்தோவில் ஒரு ஜென் மடத்தில் இருக்கிறது. அடிப்பக்கம் மெருகு சுருங்கி மணிமணியாகத் திரண்டிருக்கும். அது சூளையில் நேர்ந்தது. ஆனால் சக்கரத்தைச் சுற்றிய கை தேர்ந்த கை, ஐயா. குறையை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கையை மறந்துவிடக் கூடாது.

கவிதைக்கு வருவோம். 1689 கோடையில் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ யமாதெரா என்ற மலைக்கோயிலுக்கு ஏறினார். அங்கே பிறந்த சில்வண்டுக் கவிதையை ஒரே மூச்சில் வந்ததென்றுதான் எவரும் நினைப்பார்கள். உடன் சென்ற சீடர் சோராவின் குறிப்பில் அதன் முதல் வடிவம் இருக்கிறது: ‘மலைக்கோயில், கல்லில் ஊறிப் படிகிறது சில்வண்டின் குரல்.’ நல்ல வரிதான். பாஷோவுக்குப் போதவில்லை. அடுத்த வடிவத்தில் மலைக்கோயில் போய் ‘தனிமை’ வந்தது, கல், பாறையானது. கடைசியில் அந்தத் தனிமையும் போனது. ‘என்ன அமைதி! பாறைக்குள் ஊடுருவி இறங்குகிறது சில்வண்டின் குரல்.’

வினைச்சொல்லைப் பாருங்கள். முதலில் குரல் கல்லின் மேல் படிந்தது. முடிவில் பாறைக்கு உள்ளேயே போய்விட்டது. ஹைக்கூவின் பதினேழு அசைக்குள் இத்தனை மாற்றம். தனிமையைக் குறிக்கும் அந்த ‘சாபிஷிசா’, நீங்கள் சொன்ன ‘சாபி’யோடு பிறந்த சொல். அதையே அவர் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தனிமை நமக்குக் கேட்கிறது. இந்தக் கவிதை இடம்பெற்ற அவருடைய பயணநூல் அச்சாவதற்குள் பாஷோ காலமாகிவிட்டார். 1694-ல் அவர் மறைய, நூல் 1702-ல் வந்தது. அவசரப்படாத மனிதர்.

எளிமை என்றால் உழைக்காமல் கிடைப்பது என்று நம் இளம் கவிஞர்கள் நம்பிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மூன்று வரியில் நிலா, தனிமை, கண்ணீர் மூன்றும் இருக்கின்றன. நிலாவை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அந்த நிலா எந்த ஊரில், எந்தக் கூரைக்கு மேல் நின்றது என்பதையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.