வெளிநாட்டு முதலீடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க முதலீட்டாளர் சேஃப் ஒப்பந்தம் (இப்போது பணம், பிற்பாடு பங்கு) அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா? (காட்பாடி)

அப்படியே போடாதீர்கள். ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகளில் அதற்கு இடமில்லை. சி.சி.பி.எஸ். (கட்டாயம் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு) ஆக மாற்றி எழுதச் சொல்லுங்கள். கன்வெர்ட்டிபிள் நோட் (பிற்பாடு பங்காக மாறக்கூடிய கடன் பத்திரம்) என்றால் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டி.பி.ஐ.ஐ.டி.யின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும்; ஒருவர் ஒரே தவணையில் 25 லட்சத்துக்குக் குறையாமல் போட வேண்டும்.

ஏஞ்சல் வரி பயமாக இருக்கிறது. (ஆற்காடு)

பங்கை அதன் மதிப்புக்கு மேல் விற்றால் கூடுதல் தொகைக்குப் போட்ட அந்த வரியை 2024 பட்ஜெட்டிலேயே எடுத்துவிட்டார்கள். பங்கு விலைக்கான மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் இப்போதும் வேண்டும்.

ஷூ ஆன்லைனில் விற்கிறோம். வெளிநாட்டுப் பணம் வாங்கலாமா? (ஆம்பூர்)

நீங்களே தைத்து விற்றால் தாராளமாக. அடுத்தவர் சரக்கை வாங்கி கிடங்கில் வைத்து நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால் முடியாது. எது என்று எழுதவில்லையே!

சிங்கப்பூரிலிருந்து 40 லட்சம் வந்து நாலு மாதம் ஆகிறது. பங்கு இன்னும் ஒதுக்கவில்லை. மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஆடிட்டர். (ராணிப்பேட்டை)

இந்த 'மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. பணம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் திருப்ப வேண்டும். அதுவும் தாண்டினால் கம்பெனிச் சட்டப்படி 12 சதவீத வட்டி ஏறும், டெபாசிட் என்றும் கணக்காகும். உங்களுக்கு இரண்டு கெடுவும் போய்விட்டது. ஆடிட்டரை விட்டு ஃபெமா தெரிந்த ஒரு கம்பெனி செகரட்டரியைப் பிடியுங்கள், இந்த வாரமே. ஒதுக்கிய 30 நாளுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். (ரிசர்வ் வங்கிக்கு அதைத் தெரிவிக்கும் படிவம்) போட வேண்டும், அதற்கு வங்கியின் வரவுச் சான்றும் முதலீட்டாளரின் கே.வொய்.சி.யும் தேவை. உள்ளூர்க் கிளையில் கேட்டால் சென்னைக்குக் கை காட்டுவார்கள், அதிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும். எத்தனை முறை எழுதிவிட்டேன்: பணம் வருவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். அடுத்த ரவுண்டில் முதலீடு செய்ய வருகிறவர் முதலில் கேட்பதே அந்தப் படிவத்தின் ஒப்புகையைத்தான். அது இல்லாமல் எவ்வளவு நல்ல பிசினஸும் நின்றுவிடும்.

மச்சான் துபாயிலிருந்து 5 லட்சம் தருகிறார். என் சேமிப்புக் கணக்கில் வாங்கலாமா? (வாணியம்பாடி)

கூடாது, கம்பெனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அவர் என்.ஆர்.ஐ. என்றால், வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகாத முறையில் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (என்.ஆர்.ஐ.கள் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) போடட்டும், உள்நாட்டு முதலீடாகவே கணக்கு, எஃப்.சி.-ஜி.பி.ஆர். வேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மச்சான் என்பதால் இன்னும் கவனமாக.

முதலீடு வாங்குவது எப்படி? முழு விவரம் அனுப்பவும். (குடியாத்தம்)

என்ன தொழில், எந்த நாட்டுப் பணம், எவ்வளவு? மூன்றையும் எழுதுங்கள், அப்புறம் பார்ப்போம்.