கிளினிக்கல் போஸ்டிங்கில் பிபி கூடச் சரியாகக் கேட்கவில்லை. நோயாளியை மதிப்பிட எப்படிக் கற்றுக்கொள்வது?

முதல் வருடம் பி.எஸ்சி நர்சிங், வார்டு போஸ்டிங் தொடங்கி ஒரு வாரம், லேபில் தோழிகளுக்குப் பார்த்தபோது நன்றாகக் கேட்ட பிபி வார்டில் காதில் விழவே இல்லை, எனக்கு இந்தப் படிப்பு சரிப்படாதோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்து முடித்து இப்போது ஐசியுவில் வேலை பார்க்கிறேன். உங்கள் நிலைமையில் நானும் இருந்தேன், உங்களைவிட மோசமாக.

காதில் கோளாறு எதுவும் இல்லை. லேபில் அமைதியான அறை, இருபது வயசுத் தோழியின் ஒல்லிக் கை. வார்டில் தலைக்கு மேல் ஃபேன் கடகடக்கும், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் போனில் சத்தமாகப் பேசுவார், நாமோ பயத்தில் ஜாக்கெட் கை மேலேயே கஃபை, அதாவது காற்றடிக்கும் பட்டையை, சுற்றியிருப்போம். ஸ்டெத்தின் காதுமுனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நான் ஒரு வாரம் திருப்பி மாட்டிக்கொண்டு அலைந்தேன். இரண்டு பக்கமும் உள்ள தலை என்றால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று லேசாகத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், எடுத்ததும் காதில் கேட்க முயலாதீர்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள், நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். காற்றை முழுக்க விட்டு, அரை நிமிடம் பொறுத்து, இப்போது ஸ்டெத்தை வைத்து அந்த எண்ணைவிட 30 கூடுதலாக ஏற்றி, நொடிக்கு 2, 3 எம்எம் வேகத்தில் இறக்குங்கள். இது ஏதோ பரீட்சைக்கான சடங்கு என்றுதான் நான் நினைத்தேன். பிபி அதிகமுள்ள சிலருக்கு முதலில் சத்தம் கேட்டு, நடுவில் கொஞ்ச தூரம் காணாமல் போய், மறுபடி வரும். நாடியைப் பார்க்காமல் 160 வரை மட்டும் ஏற்றினால் அந்த மௌனத்துக்குள் போய் நின்றுகொள்வோம், 190 இருப்பவருக்கு 150 என்று எழுதி வைப்போம். கொரோட்காஃப் என்ற ரஷ்ய டாக்டர் 1905-ல் இந்தச் சத்தங்களைச் சொன்னதிலிருந்து நர்சுகள் இதே குழியில்தான் விழுந்துகொண்டிருக்கிறார்கள் போல.

ஆனால் பிபியைவிட நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று. மூச்சு எண்ணிக்கை.

எனக்கு மெடிக்கல் வார்டு போஸ்டிங், தென் மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி. காலையில் பன்னிரண்டு கட்டிலுக்கு டெம்பரேச்சர், நாடி, மூச்சு, பிபி எடுத்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். மூச்சை யாரும் எண்ணுவதில்லை என்பதை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டேன், எல்லார் சார்ட்டிலும் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றுதான் இருக்கும், நானும் மேலே இருப்பதைப் பார்த்துக் கீழே எழுதுவேன். காய்ச்சல், இருமல் என்று சேர்ந்திருந்த ஓர் ஆச்சிக்கும் அப்படித்தான். டெம்பரேச்சர் 101, நாடி 112, மூச்சு 20. கொஞ்ச நேரத்தில் ரவுண்டு வந்த சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆச்சியைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், மறுபடி ஆச்சியைப் பார்த்தார். கிட்டே போய் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் ஆச்சியின் வயிற்றுச் சேலையில் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் நின்றார். 34.

"நீ எப்போ எண்ணுனே?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது என்னவென்றால், அவர் கண்ணில் பட்டதெல்லாம் என் கண்ணிலும் பட்டிருந்தது. ஆச்சி சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது, கேட்டதற்கு இரண்டு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. வயசான ஆள், அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் போட்டு, சாயங்காலம் ஐசியுவுக்கு மாற்றினார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து "சாப்ட்டியாம்மா" என்று கேட்டார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், மூச்சை எண்ணுகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாமல், சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், நாடியைப் பிடித்த கையை எடுக்காமலே ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் 95 என்று காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், உடம்பு வேகமாக மூச்சு வாங்கித்தான் அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கலாம்.

எண்ணாததை எழுதாதீர்கள். பிபி கேட்கவில்லையா, "அக்கா, கேக்கல, ஒரு தடவை பாருங்க" என்று ஸ்டாஃபைக் கூப்பிடுங்கள். திட்டுவார்கள்தான். இருந்தாலும் 120/80 என்று கற்பனையாக எழுதுவதற்கு இந்தத் திட்டு தேவலாம்.

லேபில் சொல்லித்தராத இன்னொரு விஷயம் நோயாளியின் தமிழ். நாம் அறிகுறிகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறோம், அவர்களோ "கிறுகிறுன்னு வருது" என்பார்கள், "கண்ணைக் கட்டுது" என்பார்கள். இரண்டையும் தலைசுற்றல் என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அறை சுற்றுகிறதா அல்லது எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் இரண்டும் வேறு வேறு என்று தெரியும். இரண்டாவது என்றால் படுக்கவைத்து ஒரு பிபி, நிற்கவைத்து ஒரு பிபி பாருங்கள். "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாக்கியம். சர்க்கரை உள்ளவர் வேர்த்துக்கொண்டு அதைச் சொன்னால் வாயு என்று எழுதிவிட்டு நகராதீர்கள், உடனே ஸ்டாஃபிடம் சொல்லுங்கள், இசிஜி எடுக்க வேண்டியது அது. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது ஒரு தாத்தா "வலிக்கு எதுக்கும்மா மார்க்கு" என்றார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் வந்ததா, பாத்ரூம் வரை நடக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணுக்குப் போவேன். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க இங்கிலீஷ் தேதி கேட்டால் பல பாட்டிகளுக்குத் தெரியாது, குழப்பம் என்று எழுதிவிடாதீர்கள், கிழமையையும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: கண்ணால் பார்த்து, ஸ்டெத்தில் கேட்டு, விரலால் தட்டி, கடைசியில்தான் அழுத்த வேண்டும். முதலிலேயே அழுத்தினால் குடல் சத்தம் மாறிவிடும். கற்றதை மேம் முன்னால் செய்துகாட்டும் ரிட்டர்ன் டெமோவில் நான் நேராக வயிற்றில் கை வைத்தேன், மேம் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

தினமும் லாக் புக் கையெழுத்துக்காகப் பத்துப் பேரைத் தொடுவதைவிட, இரண்டே பேரை எடுத்துக்கொண்டு, கருவியைக் கையில் எடுக்கும் முன்னால் கால்மாட்டில் நின்று அரை நிமிடம் பார்த்து, இவருக்கு நாடி எவ்வளவு இருக்கும், மூச்சு எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் ஓர் எண் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் எல்லாம் தப்பாகத்தான் வரும். எனக்கு மூன்று மாதம் ஆனது.

கடைசியாக, வாட்ச் வாங்கவில்லை என்றால் நொடி முள் உள்ளதாக வாங்குங்கள். டிஜிட்டல் வேண்டாம், ஒரு கண்ணில் வயிற்றையும் ஒரு கண்ணில் மாறும் எண்களையும் பார்த்து எண்ணுவது பெரிய தொல்லை.