ஒலிம்பஸில் நடந்தது கவிஞருக்கு எப்படித் தெரியும்? – கிரேக்கக் காவியங்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையில் தெய்வங்களின் அரசன் ஜீயஸும் அவன் மனைவி ஹீராவும் போடும் சண்டையை, ஹோமரின் இலியட் காவியம் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்கிறது. மனிதரான ஹோமருக்கு அது எப்படித் தெரிந்ததாம்?

ப: கவிஞர்களுக்குப் பாட்டு அருளும் மியூஸ் தேவதைகள் சொன்னதாகத்தான் கணக்கு. இரண்டாம் காண்டத்தில், போருக்கு வந்த கப்பல்களை வரிசையாகச் சொல்லப்போகும் முன் கவிஞர் அவர்களிடமே கேட்கிறார்: நீங்கள் எங்கும் இருப்பவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள், எங்களுக்கு எட்டுவது செவிவழிச் செய்திதான்.

கே: ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் 9 முதல் 12 வரையான காண்டங்களில் அதன் நாயகன் ஒடிசியஸ் தானே கதை சொல்கிறான். அவனுக்கு மியூஸ் துணை இல்லையே, ஐயா?

ப: இல்லை, அது அவன் பேச்சிலேயே தெரியும். எந்தத் தெய்வத்தின் வேலை என்று கவிஞர் பெயர் சொல்லும் இடத்தில், ஒடிசியஸ் பெரும்பாலும் ‘ஏதோ ஒரு தெய்வம்’ என்பான், அல்லது பொதுவாக ஜீயஸ் தலையில் போடுவான். ஓவே யோர்கென்சன் என்ற டென்மார்க் அறிஞர் 1904இல் இதை எடுத்துக்காட்டினார்.

எனக்குப் பிடித்த இடம் 12ஆம் காண்டம். ஒடிசியஸின் ஆட்கள் சூரியதேவனின் மாடுகளை அடித்துத் தின்றுவிடுகிறார்கள். சூரியன் ஜீயஸிடம் போய் முறையிட்டதையும் ஜீயஸ் சொன்ன பதிலையும் ஒடிசியஸ் அப்படியே ஒப்பிக்கிறான். உனக்கெப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவனே சொல்கிறான்: கலிப்சோ என்ற தீவுத் தேவதை சொன்னாள், அவளுக்குத் தெய்வங்களின் தூதன் ஹெர்மிஸ் சொன்னானாம்! சரி, ஐந்தாம் காண்டத்தில் ஹெர்மிஸ் அவள் தீவுக்கு வருவதை நாமே பார்க்கிறோம். அங்கே இந்த மாட்டு வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

கே: தெய்வமே தன் கதையைச் சொன்னால் நம்பலாமா?

ப: பயிர்த் தெய்வம் டிமீட்டரைப் பற்றிய பழைய கிரேக்கப் பாடலான டிமீட்டர் துதியைப் பாருங்கள். அவள் மகள் பெர்செபோனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் கடத்திக்கொண்டு போயிருந்தான். பாதாளத்தை விட்டுக் கிளம்பும் பெர்செபோனிக்கு ஹேடிஸ் மாதுளை விதையை ரகசியமாகக் கொடுத்தான் என்கிறார் கவிஞர். அங்கே எதையாவது சாப்பிட்டாயா (சாப்பிட்டிருந்தால் திரும்பிப் போகவேண்டும்) என்று தாய் கேட்கும்போது, வலுக்கட்டாயமாகத் தின்னவைத்தான் என்கிறாள் மகள். அவள் பொய் சொல்கிறாள் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடத்திக்கொண்டு போனவன் கையால் கொடுத்தது அவளுக்குக் கட்டாயமாகத்தானே தெரியும்?

கே: மியூஸ் சொன்னால் மட்டும் உண்மையா?

ப: ஹெசியட் என்ற கவிஞர் தெய்வங்களின் பிறப்பைப் பாடும் தியோகனியில் அவர்களே கைவிரிக்கிறார்கள். ஹெலிகான் மலையில் ஆடு மேய்க்கும் ஹெசியடிடம், உண்மை போலவே தோன்றும் பொய்கள் பல சொல்லத் தெரியும், மனம் வைத்தால் உண்மையும் சொல்வோம் என்கிறார்கள். அப்புறம் ஹெசியட் பாடுவது இதில் எந்த வகை என்று அவர்கள் சொல்லவே இல்லை.

கே: எதில் தொடங்கலாம்?

ப: டிமீட்டர் துதி. 495 அடிகள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.