புக் பண்ணிய வண்டி ஏன் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அழுகைதான்: பணம் கட்டியாச்சு, வண்டி வரலை. பாகம் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில், ஒரகடம் பக்கம், பதினான்கு வருடம் பிளானிங்கில் குப்பை கொட்டியவன் நான் என்பதால், ஆசிரியர் கடிதக் கட்டை என் தலையில் வைத்துவிட்டார்.

*நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஷோரூமில் ஒரே எஸ்யூவியை புக் செய்தோம். நான் டாப் மாடல், அவர் நடு மாடல். எனக்கு மூன்று மாதம் பின்னால்தான் அவர் பணம் கட்டினார். அவர் வண்டிக்கு ஆயுத பூஜையே முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் "அலாட் ஆகலை சார்" என்கிறார்கள். ஷோரூம்காரர்கள் ஏமாற்றுகிறார்களா?*
– வாசகர், திருநெல்வேலி

ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்கிற கதைக்கு ஏமாற்று வேலையே தேவையில்லை, அண்ணாச்சி. நாம் எல்லோரும் ரேஷன் கடை வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். முன்னால் நிற்பவருக்கு முதலில் சர்க்கரை. ஃபேக்டரியில் அப்படி ஒற்றை வரிசை கிடையாது. ஆர்டர்கள் தேதி வாரியாகத்தான் கம்ப்யூட்டரில் இருக்கும், ஆனால் அடுத்த வாரம் எந்த வண்டிகளைக் கட்டுவது என்று உட்காருகிறவர் முதலில் திறப்பது பாகங்களின் கையிருப்புப் பட்டியலை. உங்கள் டாப் மாடலில் ரேடார் இருக்கும், 360 டிகிரி கேமரா இருக்கும், எட்டு ஸ்பீக்கரோ பன்னிரண்டோ இருக்கும், சீட்டுக்குள் ஃபேன்கூட இருக்கும். இதில் ஒன்றே ஒன்றுக்கான கன்ட்ரோல் யூனிட் மலேசியாவிலிருந்து வரவில்லை என்றாலும் உங்கள் ஆர்டர் ஓரமாக ஒதுங்கும். அந்தப் பாகமே தேவைப்படாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் ஆர்டர் அதைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் வண்டிக்கான வரிசையில் நிற்கவில்லை, அந்த வண்டியில் எது கிடைக்காத பாகமோ அதற்கான வரிசையில் நிற்கிறீர்கள்.

மஹிந்திரா எக்ஸ்யூவி 700 நினைவிருக்கிறதா? 2021 அக்டோபர் 7-ம் தேதி புக்கிங் திறந்து 57 நிமிடத்தில் 25,000 பேர் போட்டார்கள். கன்ட்ரோல் யூனிட்டுகளுக்கு மூளை மாதிரி இருக்கிற சிப் இல்லாமல் உலகமே தவித்துக்கொண்டிருந்த நேரம். பெட்ரோல் வண்டிகள் அக்டோபர் கடைசியிலேயே வர ஆரம்பித்தன, டீசல்காரர்கள் நவம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, எல்லா வசதியும் அடைத்த ஏஎக்ஸ் 7 எல் கேட்டவர்களுக்கு ஒன்றரை வருடம் வரை ஆகும் என்றார்கள். டொயோட்டா 2023 ஏப்ரலில் இன்னும் வெளிப்படையாகவே செய்தது: இன்னோவா ஹைகிராஸில் மேலே இருக்கிற இசட்எக்ஸ், இசட்எக்ஸ் (ஓ) இரண்டுக்கும் சப்ளை பிரச்சனை என்று புக்கிங்கையே நிறுத்திவிட்டு மற்ற மாடல்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் இன்னொரு சல்லடையும் உண்டு. ஃபேக்டரி உங்கள் பெயருக்கு நேரடியாக வண்டி அனுப்புவது குறைவு. பல கம்பெனிகளில் டீலருக்கு இத்தனை என்று பங்கு பிரித்து அனுப்புவார்கள், அவர் அதில் உங்களுக்கு எது என்று பார்ப்பார். உங்கள் ஊரில் உள்ள சின்ன டீலரைவிட மதுரையில் உள்ள பெரிய டீலருக்கு அதே மாடல் அதிகம் இறங்கும். ஏமாற்று நடந்தால் அந்தக் கடைசிப் படியில்தான் நடக்கும். ஆகவே "எப்போ வரும்" என்று கேட்பதை விட்டு, "என் வேரியன்ட், என் கலர் கடைசியாக எப்போது இங்கே இறங்கியது, அது எந்த மாதத்தில் புக் செய்தவருக்குப் போனது" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அப்போது சந்தேகப்படலாம்.

*கலர் மாற்றினால் சீக்கிரம் கிடைக்குமா?*
– வாசகி, ஈரோடு

பாகத் தட்டுப்பாடுதான் காரணம் என்றால் கலர் ஒன்றும் செய்யாது. மற்றபடி கொஞ்சம் உதவும். பெயின்ட் ஷாப்பில் கலர் மாற்றும்போதெல்லாம் ஸ்ப்ரே கன்னைக் கழுவ வேண்டும், பெயின்ட் வீணாகும், அதனால் ஒரே கலரை முடிந்தவரை சேர்த்து அடிப்பார்கள். வெள்ளை அடிக்கடி ஓடும். யாரும் கேட்காத அந்தப் பச்சைக்கு ஆள் சேரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

*கையில் இருக்கிற கொஞ்சம் பாகத்தை அதிக லாபம் தரும் வண்டிக்குத்தான் கம்பெனிகள் போடுகின்றன என்கிறார்களே, நிஜமா? ஏழை வாங்குகிற வண்டி பின்னால் போய்விடுமா?*
– வாசகர், கோயம்புத்தூர்

நிஜம். ஆனால் எல்லாப் பாகத்துக்கும் அது பொருந்தாது. ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற பாகம் குறைந்தால் கம்பெனிக்கு வேறு வழியே இல்லை, அந்த மாடல் நிற்கும், அவ்வளவுதான். சின்னக் காருக்கும் பெரிய வண்டிக்கும் ஒரே சிப் பொருந்தும் என்றால்தான் முதலாளி யோசிக்க ஆரம்பிப்பார்.

2021-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது இதற்கு நல்ல உதாரணம். கோவிட் வந்த புதிதில் கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன, அந்த இடத்தில் லேப்டாப், போன் கம்பெனிகள் வந்து உட்கார்ந்துகொண்டன, கார் விற்பனை மறுபடி சூடு பிடித்தபோது சிப் இல்லை. பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் சிப் ஃபேக்டரிகள் நின்றன, மார்ச்சில் ஜப்பானில் ரெனேசஸ் ஃபேக்டரியில் தீ. ஜி.எம். என்ன செய்தது? கன்சாஸில் மாலிபு காரைக் கட்டும் ஃபேக்டரியை மாதக்கணக்கில் மூடிப்போட்டு, கிடைத்த சிப்பை சில்வராடோ மாதிரி பெரிய பிக்கப், பெரிய எஸ்யூவிகளுக்குத் திருப்பிவிட்டது. ஒரு பிக்கப்பில் கிடைக்கிற லாபத்தை மாலிபுவில் எடுக்க எத்தனை விற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியும் போதாமல், 2021 மாடல் பிக்கப் சிலவற்றில் எரிபொருள் மிச்சப்படுத்தும் மாட்யூலையே கழற்றிவிட்டு விற்றார்கள். மைலேஜ் கொஞ்சம் குறைந்தது. ஐரோப்பாவில் பெஜோ 308-க்கு டிஜிட்டல் மீட்டர் கிடைக்காமல் பழைய முள் மீட்டரையே மாட்டினார்கள். அது பார்க்க நன்றாகவே இருந்தது என்பது என் கருத்து.

மொத்தமாக வாங்குகிற வாடகைக் கார் கம்பெனிகளுக்கு டிஸ்கவுன்ட் கொடுக்க வேண்டும், அதனால் அவர்கள் ஆர்டரும் பின்னால் போனது. வாடகைக் கார் கிடைக்காமல் ஹவாய் தீவுக்குப் போன டூரிஸ்டுகள் வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பீச்சுக்குப் போனார்கள்!

நம் ஊரிலும் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோது, 2022 செப்டம்பரில், மேலே இருக்கிற இசட்8 எல் வண்டிகளை முதலில் கொடுக்கப்போவதாக மஹிந்திரா சொன்னது. அதிகம் பேர் அதைத்தான் கேட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம்புகிறேன், ஆனால் விலை அதிகமான வண்டி முதலில் போவதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது என்றும் நம்புகிறேன். திருநெல்வேலி அண்ணாச்சி இதைப் படித்தால் கொதிப்பார்: எக்ஸ்யூவியில் டாப் மாடல் கடைசி, ஸ்கார்ப்பியோவில் டாப் மாடல் முதல். எந்தப் பாகம் இல்லை என்பதைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும்.

*"வண்டி கட்டி முடித்தாச்சு, யார்டில் ஒரு பாகத்துக்காக நிற்கிறது" என்றார்கள். இரண்டு மாதம் வெயிலில் நின்ற வண்டியை எடுக்கலாமா?*
– வாசகர், நாகர்கோவில்

எடுக்கலாம், பார்த்து எடுங்கள். லைனை நிறுத்தினால் நஷ்டம் என்பதால், கடைசியில் மாட்டக்கூடிய பாகம் என்றால் வண்டியைக் கட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். ஒரு முறை நாங்கள் அனுப்ப வேண்டிய ஒரு சின்ன பிராக்கெட் தாமதமானபோது கஸ்டமர் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். வேலிக்கு உள்ளே வரிசை வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றின் முன் கண்ணாடியிலும் சிவப்பு அட்டை, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எங்கள் பாக நம்பர். பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. ஃபோர்டு கம்பெனி 2021-ல் கென்டக்கியில் ஒரு ரேஸ் மைதானத்தின் பார்க்கிங்கையே பிக்கப் டிரக்குகளால் நிரப்பியது. 2022 ஜூன் கடைசியில் ஜி.எம்.மிடம் இப்படி அரைகுறையாக 95,000 வண்டிகள் நின்றன. அந்த வருடம் ஃபோர்டுக்கு முன்னால் ஒட்டுகிற நீல நிற பேட்ஜ்கூடத் தட்டுப்பாடு.

ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், ஏபிஎஸ் மாதிரி சட்டப்படி இருக்க வேண்டியவை இல்லாமல் உங்கள் கைக்கு வண்டி வராது, அந்த பயம் வேண்டாம். டயர் காற்று, பேட்டரி, ரப்பர் பீடிங், எலி கடித்த ஒயர் இவற்றைப் பாருங்கள். முக்கியமாகத் தயாரித்த மாதம், வருடம். ஆர்சியில் அதுதான் ஏறும், விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். டிசம்பரில் கட்டியதை மார்ச்சில் கொடுத்தால் கூச்சப்படாமல் குறைத்துக் கேளுங்கள்.

*எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் புக் செய்தேன். சின்ன பேட்டரி மாடலுக்கு மாறினால் சீக்கிரம் வருமா?*
– வாசகி, ஓசூர்

2025-ல் வந்த தட்டுப்பாடு மாதிரி என்றால் மாறிப் பிரயோஜனமில்லை. அந்த ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. காந்தம் மோட்டாருக்குள் இருக்கிறது. சின்ன பேட்டரியோ பெரிய பேட்டரியோ, மோட்டார் இல்லாமல் ஸ்கூட்டர் ஓடாது. ஒரே பாகம் எல்லா வேரியன்டையும் பிடித்து நிறுத்தும்போது தாண்டிப்போக வழியே இல்லை. மாருதி தன் எலெக்ட்ரிக் காரான இ-விட்டாராவின் ஆரம்ப உற்பத்தி இலக்கை 26,500-லிருந்து 8,200 ஆகக் குறைத்ததாக ராய்ட்டர்ஸ் அப்போது சொன்னது. பெட்ரோல் காரின் பவர் ஸ்டீயரிங்கிலும் காந்தம் உண்டு என்பதால் அதுவும் தப்பவில்லை.

*வேரியன்ட் மாற்றினால் சீனியாரிட்டி போய்விடுமா? லோன் சாங்ஷன் ஆகி இருக்கிறது.*
– வாசகர், தஞ்சாவூர்

கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். ஸ்கார்ப்பியோ-என்னுக்கு 2022 ஆகஸ்ட் 15 வரை வேரியன்டும் கலரும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். எல்லோரும் அவ்வளவு தாராளம் கிடையாது. விலையையும் கேளுங்கள், பெரும்பாலும் டெலிவரி நாளன்று என்ன விலையோ அதுதான். லோன் விஷயத்தில் ஒன்று மட்டும்: சேஸிஸ் நம்பர் கைக்கு வராமல் பேங்கிலிருந்து பணத்தை ரிலீஸ் செய்ய விடாதீர்கள். "இந்த வாரம் வந்துடும் சார்" என்று ஷோரூமில் சொன்னதை நம்பிப் பணத்தை விடுவித்துவிட்டு, வராத வண்டிக்கு இரண்டு இஎம்ஐ கட்டியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.