வேளாண் பொறியியல் பேராசிரியரிடம் கேளுங்கள்

வேளாண்மைப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்று, அயோத்தியாப்பட்டணம் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட பேராசிரியர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

அடுத்த வருஷம் நானும் ஓய்வு பெறுகிறேன் ஐயா. பொழுது எப்படிப் போகுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படிப் போகிறது?
பள்ளி ஆசிரியர், அம்மாப்பேட்டை

முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. காலை எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன், எங்கே போவதென்று தெரியாது. அப்புறம் ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "சொட்டுநீர்க் குழாயில தண்ணியே வரல, ஒரு எட்டு வந்து பாருங்க சார்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சொட்டு விழும் டிரிப்பர் வாயெல்லாம் வெள்ளை உப்பு படிந்திருந்தது. உப்புத் தண்ணீர் ஓடும் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இது வரும். ஃபில்டரைக் கழுவி, அமிலம் கலந்த தண்ணீரைக் குழாயில் விட்டு ஊறவைத்து, மறுநாள் கடைசி முனைகளைத் திறந்துவிட்டோம். (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றிவிடாதீர்கள், தெறிக்கும்.) கடைசிச் செடிவரை சொட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்திய பாடம்தான் அது, ஆனால் அதைக் கேட்டு ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. இப்போது வாரத்தில் நாலு நாள் யாராவது வந்துவிடுகிறார்கள். நீங்களும் ஓய்வு பெற்ற செய்தியை உங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். கணக்கு வராத பிள்ளை எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

எங்கள் போரில் 5 ஹெச்.பி. மோட்டார். போன வருஷம் இரண்டு தடவை அதன் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் 10 ஹெச்.பி. போடச் சொல்கிறார். போடலாமா?
விவசாயி, வாழப்பாடி

அவசரப்படாதீர்கள் தம்பி. என்னிடம் அதிகம் பேர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான், இதில் பணத்தை இழந்தவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரி பைப் வாயில் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். போட்டவுடன் அளக்காதீர்கள், அப்போது வருவது போருக்குள் தேங்கி நின்ற தண்ணீர். இரண்டு மணி நேரம் ஓடியபிறகு வருவதுதான் உங்கள் ஊற்று. டிரம் நிரம்ப 133 விநாடி ஆகிறது என்று வையுங்கள், அது விநாடிக்கு ஒன்றரை லிட்டர். மோட்டார் ஓடும்போது தண்ணீர் 100 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்றும் வையுங்கள், குழாய் உராய்வுக்கு ஒரு 10 மீட்டர் சேர்த்தால் 110. ஒரு ஹெச்.பி. என்பது விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வலு. ஒன்றரையை 110ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 2.2 வரும். பம்பிலும் மோட்டாரிலுமாகப் பாதி வலு வீணாகிவிடும், ஆகவே 4.4 தேவை. 5 ஹெச்.பி. போதும்.

அப்படியானால் காயில் ஏன் எரிந்தது? நம் சேலம் பூமி கெட்டிப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் கசிந்து வருகிறது. மோட்டார் இழுக்கிற வேகத்துக்கு ஊற்று ஈடுகொடுக்காவிட்டால் மட்டம் கீழே போய், மோட்டார் வெறுமனே சுற்றும். நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, அது இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும். அதே போரில் 10 ஹெச்.பி.யை இறக்கினால் இன்னும் சீக்கிரம் கருகும். வோல்டேஜ் குறைந்தாலும் எரியும், அதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைப் பேனலில் மாட்டுங்கள். கையில் பணம் இருந்தால் அதைச் சொட்டுநீரில் போடுங்கள், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்க ஆள் கிடைப்பதில்லை. மெஷின் இருக்கிறதா?
ஆத்தூர் வாசகர்

இருக்கிறது. டிராக்டரில் மாட்டி அடி மண்ணைக் கிளறித் தூக்கும் கருவியும் உண்டு, தண்டைக் கவ்வி நெம்பி எடுக்கும் கைக்கருவியும் உண்டு. மண் இறுகிக் கிடந்தால் எதை வைத்து எடுத்தாலும் கிழங்கு உடையும், அதனால் முன்கூட்டியே ஒரு தண்ணீர் விட்டு, மண் பதமான பிறகு எடுங்கள். இன்னொன்று, பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கருத்துக் கெட ஆரம்பித்துவிடும். சேகோ மில்லில் (ஜவ்வரிசி ஆலையில்) என்றைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேசிவிட்டு அப்புறம் காட்டில் இறங்குங்கள்.

மகள் வேளாண் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். பெண்களுக்குச் சரிப்படுமா?
ஒரு தாய், சூரமங்கலம்

தாராளமாகச் சேருங்கள் அம்மா. என் வகுப்பில் பம்பைப் பிரித்துப் பூட்டுவதில் பெண்கள்தான் நிதானம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கோவையிலும் திருச்சி பக்கம் குமுளூரிலும் இதற்கான கல்லூரிகள் உண்டு. டிராக்டரோடு முடிகிற படிப்பு இல்லை இது, பாசனம், மண்ணரிப்பு, அறுவடைக்குப் பின் பதப்படுத்துவது எல்லாம் இதில் வரும். மாநில அரசில் இதற்கென்றே வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது.

எங்கள் காபிக் கொட்டை சில மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கிறது. களத்தில் நன்றாகத்தான் காய வைக்கிறோம்.
சிறு தோட்டக்காரர், ஏற்காடு

நன்றாகக் காய்ந்ததா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? கையில் எடுத்துப் பார்த்தும் கடித்துப் பார்த்தும்தான் என்றால் அங்கேதான் தவறுகிறது. ஒரே டப்பாவில் தலை தட்டி அளந்து தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். ஈரம் போகப் போக எடை இறங்கிக்கொண்டே வரும், நல்ல வெயில் அடித்தும் இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் மூட்டை கட்டலாம். பழம் எடுக்கிற நவம்பர், டிசம்பரில் உங்களுக்கு மழையும் மூட்டமும் இருக்கும், அந்த நாட்களில் எடை மாறாமல் நின்றால் அதை நம்பாதீர்கள், காற்றில் ஈரம் இருப்பதால் கொட்டை காயாமல் நிற்கிறது. தரையில் பரப்புவதை விட்டு, இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு வலை கட்டி மெல்லிசாகப் பரப்பினால் அடியிலும் காற்று போகும். பகலில் கிளறிக்கொண்டே இருங்கள், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் மூடிவிடுங்கள். டிசம்பரில் மேலே வருகிறேன், டப்பாவும் தராசும் எடுத்து வையுங்கள், சேர்ந்தே அளந்து பார்ப்போம்.