வெளிநாட்டில் அமைதி காக்கும் போலீஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐ.நா. பணிக்குப் போகும் போலீஸ் அதிகாரி அங்கே யாரையாவது கைது செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பாதுகாப்பு அவை கொடுக்கும் ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகாரம். 1999இல் தென்கிழக்கு ஐரோப்பாவின் கொசோவோவிலும் தென்கிழக்கு ஆசியாவின் கிழக்குத் திமோரிலும் நிர்வாகமே ஐ.நா.வின் கைக்கு வந்ததால் கைது, விசாரணை, ரோந்து எல்லாவற்றையும் ஐ.நா. போலீஸே செய்தது. இவை விதிவிலக்குகள். மற்ற இடங்களில் கைது செய்வது உள்ளூர் போலீஸ், ஐ.நா. அதிகாரி உடனிருந்து பயிற்சியும் ஆலோசனையும் தருவார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் ஐ.நா. ஊழியர்களைப் பாதுகாக்கவும் ஆயுதம் தாங்கிய தனிப் பிரிவுகள் உண்டு. 2007இல் லைபீரியாவுக்குப் போன இந்தியப் பெண் போலீஸ் பிரிவு அந்த வகை.

கேள்வி: தேர்வில் அனுபவசாலிகளே தோற்கிறார்களாமே, ஏன்?

குறைந்தது 5 ஆண்டுப் பணி வேண்டும், பயிற்சிக் காலம் அதில் சேராது. அதன்பின் மொழித் தேர்வு, நேர்காணல், நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டுதல். ஆயுதம் ஏந்தும் பணியானால் துப்பாக்கித் தேர்வும் உண்டு.

மொழித் தேர்வில் அறிக்கை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கேட்டதை மட்டும் எழுத வேண்டிய இடத்தில் தங்கள் ஊகத்தைக் கலந்துவிடுவார்கள். நேரம், இடம், வண்டி எண் விட்டுப்போகும். அந்த அறிக்கையை நம்பித்தான் மறுநாள் இன்னொரு குழு அதே கிராமத்துக்குப் போகும். ஒரு மணி நேரப் பிழை உயிரைப் பறிக்கலாம். அடுத்த சறுக்கல் வண்டி. பல ஆண்டுகள் டிரைவரை வைத்துப் பழகியவர் ரிவர்ஸ் எடுக்கத் திணறுவார். அங்கே சேற்றுச் சாலையில் அவரேதான் ஓட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் தினமும் ஒரு சம்பவத்தைக் கேட்டு, அரைப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: இவ்வளவு பயிற்சி கொடுத்தும் உள்ளூர் போலீஸ் ஏன் குலைகிறது?

போலீஸ்காரரைச் சில மாதங்களில் பயிற்றுவிக்கலாம். நீதிமன்றத்தையும் சிறையையும் அப்படி எழுப்ப முடியாது. நீதிபதி இல்லாத ஊரில் பிடிபட்டவன் விரைவில் வெளியே வந்துவிடுவான், சாட்சி வாயை மூடிக்கொள்வான். கொசோவோவில் 2000இல் வெளிநாட்டு நீதிபதிகளையே கொண்டுவர நேர்ந்தது.

கிழக்குத் திமோர் இன்னும் வலிக்கும் பாடம். அங்கே 2000இல் உருவான போலீஸ், 2006இல் தலைநகர் டிலியில் சிதறியது. நாட்டின் கிழக்குப் பகுதியினர், மேற்குப் பகுதியினர் என்ற பிளவும் ராணுவத்தோடான பகையும் படைக்குள்ளேயே இருந்தன; அவற்றைக் கவனித்துச் சரிசெய்யும் வலிமை உள்துறை அமைச்சகத்துக்கு இல்லை. யாரைச் சேர்க்கிறோம், யார் சம்பளம் தருகிறார், தவறு செய்தால் யார் விசாரிப்பார் என்ற மூன்றையும் பயிற்சி வகுப்பு தொடங்கும் முன்பே தீர்த்தாக வேண்டும்.