பழைய போட்டோவில் ஸ்டேஷன் எத்தனை அடி?

மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன்களை எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, அட்டையில் செய்கிறவன் நான். அளவு எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில்.

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். 1970 வாக்கில் எடுத்த ஒரே படம்தான் இருக்கு. கட்டடம் இப்போ இல்லை. எங்க ஆரம்பிக்க?

தண்டவாளத்துல ஆரம்பிங்க தம்பி. திருநெல்வேலி–தென்காசி பாதை அகலப்பாதையானது 2012-ல்தான். அப்போ உங்க படத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்பக்க இடைவெளி 1000 மில்லிமீட்டர். இதைவிட நல்ல அடிக்கோல் கிடைக்காது. ஆனா அது தூரம் போகப் போகச் சுருங்கும். கிட்ட இருக்கிற தண்டவாளத்தை அளந்து தூரத்துக் கட்டடத்துல வைக்கக் கூடாது.

பாதை நெடுக்கப் பார்த்து எடுத்த படம்னா, முக்கோணமா ஏறுற பக்கச்சுவரைப் பிடிங்க. சுவரோட அடியிலிருந்து தரைமட்டத்துல நேர் குறுக்கா ஒரு கோடு தண்டவாளம் வரை. கோடு வெட்டுற இடத்துல இடைவெளி 8 மில்லிமீட்டர், சுவர் 48 மில்லிமீட்டர்னா, சுவர் 6 மீட்டர். மாடல்ல 69 மில்லிமீட்டர்.

என் படத்துல தண்டவாளமே தெரியலை. பிளாட்பாரமும் நாலஞ்சு ஆளும்தான். (தென்காசி)

அக்கா, அந்த ஆளுங்க போதும். கிட்ட நிக்கிறவர், தூர நிக்கிறவர் எல்லார் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டுல இருக்கா பாருங்க. இருந்தா, கேமரா அவங்க கண் உயரத்துல, சுமார் 5 அடியில இருந்திருக்கு. அந்தக் கோட்டைப் படம் முழுக்க நேரா இழுங்க. பிளாட்பாரத்துல நிக்கிற எதை அது வெட்டினாலும், கிட்டன்னாலும் தூரம்னாலும், வெட்டுற இடம் 5 அடி. சுவரடியிலிருந்து கோடு 20 மில்லிமீட்டர், இறவாணம் (கூரையோட கீழ் விளிம்பு) 48 மில்லிமீட்டர்னா உயரம் 12 அடி. கோடு எல்லார் நெஞ்சையும் வெட்டுதுன்னா கேமரா 4 அடியில இருந்திருக்கும், அதை வச்சுக் கணக்குப் போடுங்க.

எனக்கு இது பிடிபட ரெண்டு வருஷம் ஆச்சு. பிடிபட்ட அன்னைக்கு வீட்டு ஆல்பத்துல ஒரு கல்யாண போட்டோ விடலை, எல்லாத்துலயும் கோடு போட்டேன். வீட்டுல ஏச்சு.

கதவு ஏழடின்னு வச்சா சுலபமா முடியுமே?

நானும் அப்படித்தான் வச்சேன். ஒட்டி, பெயின்ட் அடிச்சு, டிக்கெட் ஜன்னல் பக்கத்துல ஒரு பொம்மையை நிறுத்துனா அவன் தலை இறவாணத்துல இடிக்குது. நம்ம வீட்டு நிலை வேற. அந்தக் காலத்து ரயில்வே கதவுக்கு மேல ஒரு கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து நிலை 9 அடிக்கு ஏறியிருந்துச்சு. நான் அதை ஏழுன்னு எடுத்ததுல கட்டடம் மொத்தமும் குறுகிப்போச்சு. அந்த ஸ்டேஷன் இப்போ பரண்ல கிடக்கு.

கூரையில மங்களூர் ஓடு இருந்தா அதுதான் நல்ல சாட்சி. ஓடு 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினது போக வெளிய தெரியுறது ஏறக்குறைய 12½ அங்குலம். 14 வரிசை எண்ணினீங்கன்னா சரிவு சுமார் 14½ அடி. அது சரிவோட நீளம், சுவர் அகலம் இல்லை. இதுல அடிக்கடி தப்பு நடக்கும்.

முன்பக்கம் சாய்வாத் தெரியுது. நடுவாசல் உண்மையிலேயே நடுவுலதானா?

சுவரோட நாலு மூலைக்கும் குறுக்கே ரெண்டு கோடு போடுங்க. வெட்டுற இடம்தான் நிஜமான நடு. ஸ்கேலை வச்சுப் பாதி எடுத்தா தூரத்துப் பாதி எப்பவும் ஏமாத்தும்.

படத்துல ஒய்பி எஞ்சின் (மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்) மட்டும் நிக்குது.

பெரிய சக்கரத்தோட உயரத்தை எடுங்க, 1372 மில்லிமீட்டர். வண்டி சாய்வா நின்னா சக்கரம் முட்டையாத் தெரியும், அதனால அகலத்தை விட்டுருங்க. எஞ்சின் நிக்கிற தூரத்துல இருக்கிற பொருளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

எச்ஓ-வுல மீட்டர்கேஜுக்கு எந்தத் தண்டவாளம் வாங்க?

12 மில்லிமீட்டர். கணக்குப்படி 11½ வரும், கண்ணுக்குத் தெரியாது.

எங்க ஊர் ஸ்டேஷன்ல பழைய கட்டடம் இன்னும் நிக்குது. படத்தை அனுப்பட்டுமா?

படம் எதுக்கு? ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு டேப்பை எடுத்துட்டுப் போங்க. ஒரு கதவும் ஒரு ஜன்னலும் அளந்தாப் போதும்.